மூச்சு: பதினாறு

ஒரு ஆண்பிள்ளை கடை வாசலில் நின்று என் நெஞ்சையே வெறித்துப் பார்ப்பதை இந்த முப்பது வருஷத் தையல் தொழிலில் நான் சும்மா விட்டதில்லை. இஞ்சி டேப்பாலேயே விளாசி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அன்று மத்தியானம் அப்படி நின்றவர் மாடிவீட்டு ஆம்புலன்ஸ்காரர். ஏழு வருஷமாக என் தலைக்கு மேல் குடியிருப்பவர். என்னிடம் பேசும்போதுகூட என் செருப்பைப் பார்த்துப் பேசுகிற மனுஷன்.

"என்னப்பா பார்வை இது? கண்ணு எங்க போகுது?" என்றேன், மிஷினை நிறுத்திவிட்டு.

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினெட்டுக்கா. மிஷின் மிதிக்கும்போது இருபத்திரண்டு."

"எது?"

"உங்க மூச்சு."

சிரிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் கிண்டல் ஏதும் இல்லை. மார்க் ஷீட் வாங்கி வந்த பையனைப் போல நின்றார். அவர் மைத்துனன் செத்து அன்றோடு முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீழே முன்பக்கம் என் தையல் கடை, பின்பக்கம் என் குடித்தனம். பக்கச் சுவரை ஒட்டி மாடிக்கு இரும்புப் படி, மொத்தம் பதினான்கு. மேலே ஆம்புலன்ஸ்காரர், அவர் மனைவி, அவளுடைய அப்பா, அவளுடைய தம்பி என்று நாலு பேர். அவர் வண்டி ஓட்டுகிறவரல்ல, கூடப் போய் முதலுதவி பார்க்கிறவர். மனைவி தினமும் காலை பத்து மணிக்கு இறங்கி வந்து நாலு மணிவரை எனக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பாள். அவள் தைத்த பட்டனை நாய் கடித்து இழுத்தாலும் வராது. பெரியவர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடியோ கேட்பார். தம்பி லிஃப்ட் மெக்கானிக். இருபத்து நாலு வயசு. எல்லோருக்கும் அவன் சின்னவன்.

"என் பொழப்பு மேல போறதும் கீழ வர்றதும்தான் தையலக்கா. முன்னேற்றம்னு ஒண்ணு கிடையாது" என்பான். காலையில் டீ குடிக்க வரும்போது சொல்வான், சாயங்காலம் வரும்போது அதையே புதுசு மாதிரி திரும்பச் சொல்வான். இரும்புப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவான். பதினான்கு படிக்கு ஏழே சத்தம். மற்றவர்கள் ஏறும்போது நான் எண்ணியதில்லை, அவன் ஏறும்போது மட்டும் எனக்குத் தெரிந்துவிடும்.

அவன் வந்த பேருந்து புறவழிச்சாலையில் மழையில் சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. மத்தியானம் மூன்று மணி. பத்தொன்பது பேருக்கு அடி. முதலில் போய்ச் சேர்ந்த ஆம்புலன்ஸ் இவருடையது. சின்னவன் தானே ஜன்னல் வழியாக வெளியே வந்து, ஒரு வயசான அம்மாவைத் தூக்கி இறக்கி, இன்னும் இரண்டு பேருக்குக் கைகொடுத்திருக்கிறான். அப்புறம் பக்கத்து டயர் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் மேஜையில் உயிர் போய்விட்டது. உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் என்றார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் அக்கா ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "என் வீட்டுக்காரர் கையிலதான் இருந்தான். அவரு பார்க்காததா? அவரால முடியாததை வேற யாரு செஞ்சிருக்கப் போறாங்க?" அழுகையின் நடுவே இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தெளிந்துவிடும். அந்த வீட்டில் அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அவர் அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். தாங்க முடியாமல் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் மூச்சை எண்ணிய அந்த மத்தியானத்துக்கு இரண்டு நாள் கழித்து, வெட்டு மேஜையில் துணியை விரித்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சற்று முன்தான் பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திடீரென்று வெளியே இரும்புப் படியில் சத்தம். தட், தட், தட். ஏழு.

கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடிப் பார்த்தேன். படி காலியாக இருந்தது. மாடிக் கதவு திறந்து கிடந்தது. நான் ஒவ்வொரு படியாக ஏறிப் போனேன். உள்ளே பெரியவர் கட்டிலில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். காலடியில் ஆம்புலன்ஸ்காரர் யூனிஃபார்மோடு நின்று, ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி மாமனாரின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி ஏறியதில் அவருக்கே மேல்மூச்சு வாங்கியது.

"பதினாலு" என்றார், என்னைப் பார்த்து. "டூட்டியில இருக்கும்போது திடீர்னு தோணுச்சுக்கா. இவரு மூச்சு நின்னுடுச்சுன்னு. வண்டிய டிரைவர்கிட்ட விட்டுட்டு ஓடி வந்தேன்."

"ஏம்ப்பா, உனக்கென்ன பைத்தியமா?"

"இருக்கலாம்" என்றார். அதையும் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் இரண்டொரு மத்தியானம் அந்த ஏழு சத்தம் கேட்டது, நான் எழுந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவள் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாளில் அவர் கடைக்கு வந்தார். யூனிஃபார்ம் சட்டையில் ஒரு பட்டன் போயிருக்கிறது என்று நீட்டினார். சட்டையைப் பார்த்தேன். பட்டன் அறுந்து விழுந்திருக்கவில்லை, நூலை பிளேடால் வெட்டியிருந்தது. பொண்டாட்டி தைத்த பட்டன் தானாக விழுந்தது என்று என்னிடமே கதைவிட வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். டீ வாங்கிவரச் சொல்லி, ரொட்டியும் வைத்தேன். ரொட்டியை அவர் தொடவில்லை.

"அக்கா, நீங்க டேப் வைக்காம அளவு எழுதுவீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. "தொழில்காரிகிட்ட கேக்குற கேள்வியாப்பா இது?"

"சும்மா சொல்லுங்க."

நான் கொஞ்சம் யோசித்தேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. "பழகின உடம்புன்னா எழுதுவேன். பார்த்தாலே தெரியும்ல. ஆனா கழுத்துக்கு மட்டும் எழுத மாட்டேன். கழுத்து ஏமாத்திடும்."

"எங்களுக்கு மூச்சுதான் கழுத்து" என்றார்.

அப்புறம் அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன். நடுவில் நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது குறைவு.

"பெரிய விபத்துக்குப் போனா, மொதல்ல போறவன் யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாதுக்கா. அதுதான் விதி. ஒருத்தன் கத்துவான், ஒருத்தி கால புடிச்சு இழுப்பா, தாண்டிப் போகணும். எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்து, கையில பட்டை கட்டணும். சிவப்புன்னா ஒடனே. மஞ்சள்னா அடுத்த வண்டி. பச்சைன்னா கடைசி. அதுக்கு மூணு விஷயம் பார்க்கணும். மூச்சு, ரத்த அழுத்தம், நெனவு. ஒவ்வொண்ணுக்கும் நாலு மார்க். பன்னெண்டுக்குப் பன்னெண்டு வாங்குனா பச்சை. ஒரு மார்க் குறைஞ்சாலும் மஞ்சள்.

"அழுத்தம் பார்க்க மிஷின் இருக்கு, நம்பர் தானா வரும். நெனவுக்கு ரெண்டு கேள்வி கேட்டா போதும். மூச்ச மட்டும் நாமதான் எண்ணணும். கடிகாரத்த வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிக்கணும். மழையில, ரத்தத்துல, பத்தொம்போது பேரு கத்தும்போது ஒருத்தன் முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியுமாக்கா? சனங்க கல்லால அடிப்பாங்க. அதனால யாரும் எண்ண மாட்டோம். நெஞ்சு ஏறி எறங்குதான்னு பார்ப்போம். நல்லா இருக்கிற ஆளோட கணக்கு, பதினாறுன்னு எழுதுவோம். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் எழுதினாரு. நான் சொல்லிக் குடுத்தவங்களும் அப்படித்தான். பேனாவே தானா எழுதிடும், பதினாறு.

"அவன் என் முன்னாடி வந்து நின்னான். நனைஞ்சு போயி, சிரிச்சுக்கிட்டு. எடது முழங்கைய விலாவோட அழுத்தி வெச்சிருந்தான். பார்த்தேன்க்கா. பார்க்கலேன்னு சொல்ல மாட்டேன். 'என்னடா மாப்ள, அடியா?'ன்னேன். 'எனக்கு ஒண்ணுமில்ல மாமா, நீங்க மத்தவங்கள பாருங்க, போங்க'ன்னு என்னைப் புடிச்சுத் தள்ளினான். அழுத்தம் பார்த்தேன். நூத்திப் பத்து. பேசுறான், நெனவு இருக்கு. மூச்சு, பதினாறு. பச்சை கட்டிட்டேன்.

"எலும்பு ஒடைஞ்ச ஒருத்தன் ஊரக் கூட்டிக்கிட்டிருந்தான். அவன மொதல்ல ஏத்தினேன். அவன் இப்ப கட்டு பிரிச்சு நல்லா நடக்கிறான்."

டீ ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தார்.

"டயர் கடைக்காரர் அப்புறம் சொன்னாரு. 'உங்க பையன் தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான் சார், ஓடி வந்த நாய் மாதிரி எளைச்சான்'னு. ஆஸ்பத்திரியில எண்ணியிருக்காங்க. முப்பத்தெட்டு. உள்ள ரத்தம் போகும்போது மொதல்ல மாறுறது மூச்சுதான். அழுத்தம் கடைசி வரைக்கும் நல்லவன் மாதிரி நடிக்கும். நான் எண்ணியிருந்தா கொறைஞ்சது முப்பது இருந்திருக்கும். இருபத்தொம்போதத் தாண்டினா மார்க் கொறையும். ஒரு மார்க் போயிருக்கும். மஞ்சள். அடுத்த வண்டி."

"அவகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டு அந்த வீட்டுல எப்படிக்கா சாப்பிடறது?"

நான் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தேன். என் பட்டன் அவ்வளவு உறுதி இல்லை. போகும்போது சொன்னார்: "ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா எங்க ஃபாரத்தையெல்லாம் வாங்கி வெச்சுக் கணக்குப் பார்க்கிறாங்க. நாங்க எழுதின மார்க்குக்கும் ஆளு பொழைச்சதுக்கும் பொருந்துதான்னு. ரெண்டு வருஷத்துல பன்னெண்டுக்குப் பன்னெண்டு வாங்கிட்டுச் செத்தது ஒரே ஒருத்தன்தானாம். கூப்பிட்டுக் கேட்டாங்க. 'எண்ணினீங்களா?'ன்னு. எண்ணினேன்னு சொல்லிட்டேன்."

அந்த டாக்டரம்மா அதோடு விடவில்லை. வியாழக்கிழமை வீட்டுக்கே வந்து குடும்பத்தாரிடம் பேச வேண்டும், கடைசி நேரத்தில் பையன் யாரிடமாவது வலி என்று சொன்னானா, எத்தனை மணிக்குச் சொன்னான் என்று கேட்க வேண்டும் என்று தகவல் அனுப்பினார். யாரையும் குற்றம் சொல்ல அல்ல, இனி வருகிறவர்களுக்காக என்றாராம். நல்ல மனுஷிதான் போலிருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் கல்லெறிய வந்ததுபோல இருந்தது அந்தச் செய்தி.

செய்தி வந்த மறுநாள், அதாவது செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்பது தைக்க வேண்டியிருந்தது. மழை கடை வாசல் தகரத்தில் கொட்டியது. நான் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், அவள் எதிரே தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை ஊசியால் குத்திக்கொண்டாள். அவளுக்கு அப்படி நடப்பதில்லை.

"ஏம்மா, கண்ணு தூங்குதா?"

"தையலக்கா, போன்ல பேசினா அதெல்லாம் எங்கயாவது இருக்குமா? என்ன பேசினோம்னு?"

"எனக்கெப்படித் தெரியும்? எத்தனை நிமிஷம்னு இருக்கும்னு நெனைக்கிறேன். ஏன்?"

அவள் சட்டையைக் கீழே வைத்தாள். மழைச் சத்தத்தில் அவள் மெதுவாகச் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது, குனிந்து கேட்டேன்.

"அன்னைக்கு அவன் எனக்கு போன் பண்ணான்க்கா. இந்த எடத்துல உக்காந்திருந்தேன், மழை சத்தம்னு படிக்கட்டுக்குப் போயி பேசினேன். 'அக்கா, பஸ் கவுந்துடுச்சு, பயப்படாத, நான் வெளிய வந்துட்டேன், விலாவுல மட்டும் கொஞ்சம் வலிக்குது, மாமா வண்டி வருது, மாமாகிட்டக் காட்டிக்கிறேன்'னான்."

"சரி."

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'கொஞ்சம் வலிதானடா, மாமாவத் தொந்தரவு பண்ணாத. சொந்தக்காரனத்தான் மொதல்ல பார்த்தான்னு பேச்சு வந்துடும்'னேன். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப, வேற கேஸுக்குப் போற வழியில வண்டிய நிறுத்தி அவர ஏத்தினாருன்னு மெமோ குடுத்தாங்கல்ல. மூணு மாசம் அவரு தூங்கல. அது மறுபடி வரக் கூடாதுன்னு... 'அவரு வந்தாருன்னா ஒண்ணுமில்லேன்னு சொல்லிடு'ன்னேன். 'சரிக்கா'ன்னான்."

அவள் அழவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரிக்கான்னான்" என்றாள் மறுபடி. "நான் சொன்னதை அவன் கேட்டதே கெடையாது. அன்னைக்குக் கேட்டுட்டான். மத்தியானத்துல படியில அவன் சத்தம் கேக்குதுக்கா எனக்கு. கதவுகிட்ட வந்து நிக்கிற மாதிரி இருக்கு. வலி சொல்ல வந்துட்டு, சொல்லாம நிக்கிற மாதிரி."

அந்தச் சத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் ஓடி வந்தார் என்று சொல்ல வேண்டும், ஏன் எண்ணுகிறார் என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

"அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? அவரு உயிரக் குடுத்துப் பார்த்திருக்காரு. அவன் ஒண்ணுமில்லேன்னு சொன்னதாலதான் அவருக்குத் தெரியாமப் போச்சு. அப்படிச் சொல்ல வெச்சது நான்தான்னு தெரிஞ்சா என் மூஞ்சியில முழிப்பாரா?"

ஊரில் யார் இடுப்பு எத்தனை என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் இரண்டு பேரும் என்னிடம் வந்து கொட்டினார்கள் போலிருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டின் இரண்டு ரகசியத்தை, ஒன்று மற்றதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை, எங்கே வைப்பது? தலைக்கு மேலே அவர்கள் நடக்கும் சத்தம் கேட்கும். அவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அவள் அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும். ஒருவரை ஒருவர் உத்தமர் என்று நினைத்துக்கொண்டு, தான் மட்டும் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுச் சத்தம்கூட வராது. பெரியவரின் ரேடியோ மட்டும் பேசும்.

பேசாமல் இரண்டு பேரையும் உட்காரவைத்து நானே உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். உடைத்தால் இரண்டு பாரமும் ஒன்றுக்கொன்று ஈடாகிப் பாதியாகக் குறையும் என்று என் கணக்கு. எனக்குக் கணக்கு வராது என்பது என் பள்ளிக்கூடத்துக்கே தெரியும்.

நான் உடைக்கத் தேவையில்லாமல் போயிற்று. புதன்கிழமை மத்தியானம் டூட்டி முடிந்து அவர் நேராகக் கடைக்கு வந்தார். அவள் கடைசி எட்டுச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றி வெட்டு மேஜையில் வைத்தார். ஈரத் தொப்பியை என் துணி மேல் வைத்ததற்கு வேறொரு நாளாக இருந்தால் கூச்சல் போட்டிருப்பேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் அவளிடம். "நாளைக்கு டாக்டரம்மா சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது."

நான் எழுந்தேன். "நீங்க இருங்கக்கா" என்றார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. எனக்கும் போகத் தைரியமில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. விதி, பட்டை, டயர் கடை எதையும் இழுக்கவில்லை. "நான் அவன் மூச்ச எண்ணவே இல்ல. எண்ணின மாதிரி எழுதினேன்" என்று முடித்தார்.

அவள் ஊசியை சட்டையில் குத்தி வைத்தாள்.

"எண்ணியிருந்தா?"

"மஞ்சள் கட்டியிருப்பேன். ரெண்டாவது வண்டியில போயிருப்பான். ஒரு மணி நேரம் முன்னாடி."

"பொழைச்சிருப்பானா?"

"பொழைச்சிருக்கலாம்."

"லாம்னு சொல்லாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? அவள் பக்கம் திரும்பினார்.

"பொழைச்சிருப்பான்."

அவள் எழுந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவாள், கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருக்கலாம். அவள் மடியிலிருந்த சட்டையை மடித்தாள். காலரைச் சரிபார்த்து, கையை உள்ளே திருப்பி, கடையில் வைப்பதுபோல மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"இத்தனை நாளா என்கிட்ட சொல்லாம எப்படி இருந்தீங்க?" என்றாள். குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்குக் கண் நிறைந்தது. "நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலங்க."

அவளும் சொன்னாள். போன் வந்தது, படிக்கட்டில் நின்றது, விலாவில் வலி என்றது, மெமோவை நினைத்தது. தான் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்துக் குறைக்காமல் சொன்னாள். "'அவரு வந்தாருன்னா ஒண்ணுமில்லேன்னு சொல்லிடு'ன்னு சொன்னேன்" என்று முடித்து, தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுவார், அல்லது அவள் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் தோள் மெல்ல இறங்கியது. நாற்பது நாளாகக் கண்ணுக்குக் கீழே இறுகிக் கிடந்த தோல் தளர்ந்தது. நெற்றி விரிந்தது. ஒரு நீண்ட மூச்சு விட்டார். "அப்ப... நீ சொல்லித்தான் அவன் அப்படிச் சொன்னானா?" என்றார். "விலாவுல வலின்னு உன்கிட்ட சொல்லியிருக்கானா? என்கிட்ட அதை மட்டும் சொல்லியிருந்தான்னா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவள் அவரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, வேறு யாரோ வீட்டு விசேஷத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பாருங்கக்கா. எத்தனை நாள் கழிச்சு அவரு முகம் தெளிஞ்சிருக்கு."

"நான் அப்படி நெனச்சுச் சொல்லல" என்றார் அவர்.

"தெரியுங்க."

"சத்தியமா நான்..."

"அப்பாவுக்கு மாத்திரை குடுக்குற நேரம்" என்றாள். ஊசியை ஊசிப்பெட்டியில் போட்டு மூடினாள். தைத்த சட்டைகளை எண்ணி என் பக்கம் தள்ளினாள். அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். படியில் ஒவ்வொன்றாக ஏறினாள். பதினான்கு சத்தமும் கேட்டது.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். நாலு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு போனது நான்தான். இரண்டு பேரும் ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த ஃபாரத்தில் பதினாறை அடித்து, எண்ணவில்லை என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். "இந்தப் பதினாறு எத்தனை ஃபாரத்துல இருக்கு தெரியுமாம்மா? எதை நம்புறதுன்னே தெரியல" என்று போகும்போது என்னிடம் வருத்தப்பட்டார். ஆம்புலன்ஸ்காரரை மூன்று மாசம் வண்டியிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். இப்போது மறுபடி வண்டிக்குப் போகிறார். மழையென்றாலும் கல்லடி விழுந்தாலும் ஒரு நிமிஷம் நின்று எண்ணுகிறாராம். அவள் எப்போதும்போல பத்து மணிக்கு இறங்கி வருகிறாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டால், வெச்சிருக்கேன் என்கிறாள்.

அதெல்லாம் பிறகு நடந்தவை. அந்தப் புதன்கிழமைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அவள் மாடிக்குப் போன பிறகு அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தொப்பியை எடுத்தார், திரும்ப வைத்தார். சுவரில், ஆட்கள் சட்டை போட்டுப் பார்க்க நான் மாட்டியிருக்கும் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அதன் பக்கம் திரும்பினார். பார்க்காமல் என் பக்கமே திரும்பிக்கொண்டார்.

"அக்கா, அவ சொல்லி முடிச்சப்ப என் முகத்துல என்ன இருந்துச்சு?"

துக்கம் என்று சொல்லியிருக்கலாம். அதிர்ச்சி என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அதை மேலே கொண்டுபோய் அவளிடமும் சொல்லியிருப்பார், அவளும் ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் நம்பியிருப்பாள். முப்பது வருஷமாக எத்தனையோ பேருக்கு, தொப்பையைப் பார்த்துக்கொண்டே, அப்படியே இருக்கீங்க என்று சொன்ன வாய் இது.

"நிம்மதி" என்று சொல்லிவிட்டேன்.